இப்பவும் எனக்கு

ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதற்குப் பிறவியிலேயே கோபம்.

கோபப்படுவதற்கென்றே செய்யப்பட்ட பொத்தான் அது. யாராவது தன்னை அழுத்தினால் எங்கோ ஒரு மணி அடிக்க வேண்டும், அதைக் கேட்டு ஒருவர் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். இதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதனால் "பொறு", "பார்க்கலாம்", "சாவகாசமா" என்கிற சொற்கள் காதில் விழுந்தாலே அதற்குச் சுருக்கென்று வரும்.

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் தனியாக வசிக்கும் பிரமநாயகத்தின் வீட்டுக்கு, ஒரு மேசைத் தொலைபேசியோடு சேர்ந்து, அது அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. அமெரிக்காவில் இருக்கும் மூத்த மகன் அனுப்பி வைத்தது. கறுப்புக் கயிற்றில் கோத்த பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் எங்கே விழுந்தாலும் அழுத்தினால் போதும், கூடத்தில் இருக்கும் தொலைபேசி விழித்துக்கொள்ளும். தொலைபேசியின் வயிற்றுக்குள் ஐந்து அறைகள். எந்த அறையில் யாருடைய எண் இருக்கிறதோ அவர்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கூப்பிடும். எடுத்தவர்களிடம், முன்பே பதிந்து வைத்த செய்தியைச் சொல்லும். அதே செய்தியைக் கூடத்திலும் உரக்கச் சொல்லும்.

பிரமநாயகத்துக்கு எழுபத்து மூன்று வயது. அரசாங்கத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவருக்கு ஊரில் பெயர் வந்தது அதனால் அல்ல. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவதில் அவரை அடிக்க ஆளில்லை. யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால், எந்தச் சித்தப்பாவுக்கு எத்தனையாவது வரி, எந்த மாப்பிள்ளையை ஒரு வரி கீழே இறக்கினால் எந்தக் குடும்பம் மொத்தமாகக் கல்யாணத்துக்கு வராமல் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் எழுதிக் கொடுத்த நாற்பது பத்திரிகைகளில் ஒன்றிலும் மனஸ்தாபம் வந்ததில்லை. இதை அவரே அடிக்கடி சொல்வார்.

எண்களை ஏற்றித் தர எதிர்வீட்டு ஞானசெல்வம் வந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. முன்னறையில் இரண்டு மோட்டார் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். பிரமநாயகத்தின் மனைவி உயிரோடு இருந்தபோது அவளிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தார். பதினோரு வருஷமாக அது அவளுடைய மிஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

"ஒண்ணாம் நம்பர் யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஞானசெல்வம்.

"அவசரப்படாதம்மா. நகல் எழுதணும். நாளைக்குச் சாயந்தரம் வா."

பொத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகலா? எதற்கு நகல்?

அன்றைக்கும் மறுநாளும் பிரமநாயகம் முழுநீளத் தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். இரண்டு நாளும் பொத்தான் மேசைமேல் கிடந்து பொருமிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் இப்போதே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

மறுநாள் சாயந்தரம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார்.

"ஒண்ணு, பெரியவன் குமரகுருபரன். டாலஸ். மூத்தவன் இருக்கையில வேற யாரையும் முன்னால போட முடியாது. ரெண்டு, சின்னவன் சிதம்பரநாதன், பெங்களூர். மூணு, மாப்பிள்ளை, பூனா."

"வடிவு நம்பரைப் போடலாமே அண்ணாச்சி. தெனமும் அதுதான உங்களுக்குப் போன் பண்ணுது" என்றாள் ஞானசெல்வம். வடிவு அவருடைய மகள், மேற்படி மாப்பிள்ளையின் மனைவி.

"மாப்பிள்ளையை விட்டுட்டு மகளைப் போட்டா அவரை ஒதுக்கின மாதிரி ஆயிரும். மாப்பிள்ளை பேரு இருந்தா வடிவு பேரும் இருக்க மாதிரிதான். எழுது. நாலு, தாய்மாமன். எம் பொண்டாட்டிக்கு அண்ணன், சங்கரன்கோயில்."

"அவுகளுக்குக் காது கேக்காதே."

"காது கேக்கலைன்னா தாய்மாமன் இல்லன்னு ஆயிருமா? அஞ்சு, பங்காளி வகையில ஒரு ஆள் வேணும். அம்பாசமுத்திரம் சிவசைலத்தைப் போடு."

"அவுக கூட உங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லையே அண்ணாச்சி. சம்மதம் கேட்டீங்களா?"

"பேச்சு இல்லைன்னாலும் பத்திரிகையில பேரு போட்டுத்தான ஆகணும். அதுக்கு எதுக்குச் சம்மதம்? பழைய டைரியில நம்பர் இருக்கு பாரு."

ஞானசெல்வம் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பெயர் ஏற ஏற அறைகளுக்குக் குணமும் ஏறியது. ஒன்றாம் அறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. இரண்டாம் அறை எந்நேரமும் வேலையாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டது. மூன்றாம் அறைக்குத் தான் மூன்றாவது என்பதில் உள்ளூர வருத்தம். நான்காம் அறை சும்மா சிரித்துக்கொண்டிருந்தது, அதற்கு எதுவும் காதில் விழவில்லை. ஐந்தாம் அறை ஏறும்போதே முறைத்துக்கொண்டு ஏறியது.

"நான் எதுத்தாப்புலயேதான இருக்கேன் அண்ணாச்சி. சாவியும் எங்கிட்டதான் தொங்குது. பங்காளிக்குப் பதிலா என் நம்பரை வேணா போட்டு வைப்பமா?" என்று கடைசியில் மெல்லக் கேட்டாள் ஞானசெல்வம்.

பிரமநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமாகத்தான் சிரித்தார்.

"நீ 'சுற்றமும் நட்பும்'ல வார ஆளும்மா" என்றார்.

பத்திரிகையின் கடைசி வரி அது. பெயர் போட வேண்டிய அவசியம் இல்லாதவர்களை எல்லாம் மொத்தமாகக் கட்டி ஒரே வரியில் அடைத்துவிடுகிற இடம். பக்கத்து வீடு, பால்காரர், கூட வேலை பார்த்தவர்கள், ஆபத்துக்கு வந்து நின்றவர்கள் எல்லாரும் அதற்குள்தான். ஞானசெல்வமும் சிரித்தாள். சிவசைலத்தின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை அழுத்துமுன் அவள் விரல் கொஞ்சம் நின்றது.

பொத்தான் அறைகளைப் பார்த்துக் கேட்டது. "உங்கள்ல யார்கிட்ட இந்த வீட்டுச் சாவி இருக்கு?"

"சாவியா? அதெல்லாம் எங்களைக் கேக்கக் கூடாது. எங்களுக்கு இடம் கொடுத்திருக்காங்க, நாங்க உக்காந்திருக்கோம்" என்றது ஒன்று.

"சரி. நான் கத்தினா எவ்வளவு நேரத்துல உங்க ஆள் இங்க வந்து நிப்பாரு?"

"டிக்கெட் கிடைச்சா இருபத்தாறு மணி நேரம்" என்றது ஒன்று, கூச்சமே இல்லாமல்.

"அப்ப உன்னை எதுக்கு முதல்ல போட்டாங்க?"

"முதல் இடம்கிறது மரியாதை. உனக்கு அதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியிறது ஒண்ணே ஒண்ணுதான். முதல் ஆள்னா முதல்ல வார ஆள்" என்றது பொத்தான். மூன்றாம் அறையோ, இரண்டாம் இடம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டது.

அடுத்தது செய்தி பதிய வேண்டும். அதற்கு இருபது வினாடிதான் உண்டு.

"'விழுந்துட்டேன், வாங்க'ன்னு சொன்னாப் போதும் அண்ணாச்சி."

"எடுத்த எடுப்புல விழுந்துட்டேன்னு சொல்லலாமா? நல்ல வார்த்தையில ஆரம்பிக்கணும். விஷயம் பின்னால வரும்" என்று சொல்லிவிட்டு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய குடும்பத்தார் அனைவருக்கும், பாளையங்கோட்டை பிரமநாயகத்தின் அன்பான வணக்கங்கள். இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் குழந்தைகளும் இறையருளால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்பவும் எனக்கு"

அந்த இடத்தில் இருபது வினாடி முடிந்துவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. தம் உடல்நிலை, உடனே வர வேண்டிய அவசியம், சாவி இருக்கும் இடம் எல்லாவற்றையும் இன்னொரு நிமிஷம் அழகாகச் சொல்லி முடித்தார். ஞானசெல்வம் போட்டுக் காட்ட ஆரம்பித்தாள். முதல் வரியைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் அவள் வீட்டு வாசலில் யாரோ சீருடை வாங்க வந்து கூப்பிட, அவள் எழுந்து ஓடினாள். மீதியை யாரும் கேட்கவில்லை.

பொத்தான் கேட்டது. ஆனால் பொத்தான் பேசுவது மனிதர் காதில் விழாதே.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குளித்து முடித்துத் துண்டை எடுக்கத் திரும்பியபோது, பிரமநாயகத்துக்குக் கால் வழுக்கியது. இடது இடுப்பு தரையில் மோதிய சத்தம் அவர் நெஞ்சோடு தொங்கிய பொத்தானுக்கும் கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடது கால் தன்னுடையதே இல்லாததுபோல் கிடந்தது. வலி வந்ததும் அவர் போட்ட சத்தத்தை அவராலேயே நம்ப முடியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் தெருவுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், எதிர்வீட்டில் இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

கயிற்றைத் துழாவிப் பொத்தானை அழுத்தினார்.

"எந்திரிங்க" என்று கத்தியது பொத்தான். "விழுந்துட்டாரு. இடுப்பு போச்சு. ஒண்ணு, கூப்பிடு."

ஒன்று கம்பீரமாக டாலஸைக் கூப்பிட்டது. அங்கே மூத்த மகன் தொலைபேசியை ஊமையாக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு முறை மணியடித்தபின் ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் எடுத்தது.

"எடுத்துட்டாங்க" என்றது ஒன்று பெருமையாக.

"அது ஆள் இல்லடா. அது உன்னை மாதிரி ஒரு பெட்டி."

பெட்டியிடம் பெட்டி செய்தியைச் சொன்னது. 'பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய' என்று ஆரம்பித்து 'இப்பவும் எனக்கு' என்று முடிந்தது. அந்தப் பெண்குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்தது.

இரண்டு பெங்களூரைக் கூப்பிட்டது. சின்னவன் ஏதோ கூட்டத்தில் இருந்தான். புதுத் தொலைபேசியின் எண் அவனுக்குத் தெரியாது, யாரோ என்று துண்டித்தான். 'பிறகு அழைக்கிறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தொலைபேசிக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"வேலையா இருக்காரு. தொந்தரவு பண்ணக் கூடாது" என்றது இரண்டு.

மூன்று கூப்பிட்டது. மாப்பிள்ளை எடுத்துவிட்டார். பொத்தானுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"ஹலோ, யாரு?"

"பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய குடும்பத்தார் அனைவருக்கும்" என்று தொலைபேசி முழங்கியது. மாப்பிள்ளை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். 'அனைவரும் நலம்' என்பதையும் கேட்டார். 'இப்பவும் எனக்கு' என்று நின்றதும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மாமா எழுதிப் பேசிக் கொடுத்த அழைப்பு, இந்தக் காலத்தில் இப்படியும் அழைக்கிறார்கள் போலிருக்கிறது, முறையாக நேரில் வந்து அழைக்கட்டும் என்று நினைத்து வைத்துவிட்டார்.

"ஏன் வெச்சாரு?" என்று பொத்தான் மூன்றைப் பிடித்து உலுக்கியது. "உள்ள ஒரு மனுஷன் தரையில கெடக்காரு."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. அவருக்கு முன்னால ரெண்டு பேர் எடுக்கலை. மூணாவது ஆளை மட்டும் கேள்வி கேப்பியா?" என்றது மூன்று.

நான்கு கூப்பிட்டது. சங்கரன்கோயிலில் தாய்மாமன் உடனே எடுத்தார். "யாரு? சத்தமாச் சொல்லுங்க. ஒண்ணுமே கேக்கலையே" என்று அவர் ஐந்தாறு தடவை கேட்டார். எண்பது வயதில் அந்த மனிதர் தன்னாலானதைச் செய்தார். கடைசியில் "அப்புறமா பேசுங்க ஐயா" என்று வருத்தத்தோடு வைத்தார். ஐந்தைக் கூப்பிட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. சிவசைலம் எண்ணை மாற்றி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தொலைபேசி மறுபடி ஒன்றுக்குப் போனது. அதன் பிறகு மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. மூன்று சுற்று முடிந்ததும் ஓய்ந்தது. பிரமநாயகம் மறுபடி அழுத்தினார். மறுபடி மூன்று சுற்று. ஈரத் தரையில் அவர் முதுகு சில்லிட்டுப் போயிருந்தது. வாய் உலர்ந்துவிட்டது, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வாளியில் தண்ணீர் இருந்தும் அவரால் கையை நீட்ட முடியவில்லை. கூடத்திலிருந்து தம் குரலே தமக்குத் திரும்பத் திரும்ப வருவதை அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். இங்கு அனைவரும் நலம். இங்கு அனைவரும் நலம். ஐந்தாவது தடவை அழுத்தும்போதுதான், அந்தச் செய்தி எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று அவருக்கு உறைத்தது. அவர் அழுதார். வலியினால் மட்டும் அல்ல.

பொத்தானுக்கு வெறி பிடித்துவிட்டது.

"எதுத்த வீட்டைக் கூப்பிடுங்க. இருபது அடி. சாவி அங்கன ஆணியில தொங்குது. எவனாவது ஒருத்தன் இடத்தை விட்டு எந்திரிங்க."

"எழுதினவங்களைத்தான் கூப்பிட முடியும்" என்றது ஒன்று.

"நீ எந்திரிச்சா அவ வந்து உக்காருவா."

"நான் எந்திரிச்சா அது மரியாதையா இருக்குமா?"

"மரியாதை! ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு, நீ பீடத்துல உக்காந்து மரியாதை பேசுத. நீ கூப்பிட்ட ஆள் வரலை. நீ இடத்தையும் விட மாட்ட. உன்னால ஆனது ஒண்ணே ஒண்ணு, வரக்கூடிய ஆளை வரவிடாம மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கது."

அறைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்குத் தெருவில் கரண்டு போனது. எதிர்வீட்டில் இரண்டு மிஷினும் ஒரே சமயத்தில் நின்றன. கூடத்துத் தொலைபேசிக்குள் பாட்டரி இருந்ததால் அது மட்டும் நிற்கவில்லை. திடீரென்று வந்த அமைதியில் பிரமநாயகத்தின் குரல் ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி நன்றாகக் கேட்டது.

"இப்பவும் எனக்கு"

ஞானசெல்வம் காதைக் கொடுத்தாள். மறுபடியும் அதே குரல், அதே இடத்தில் நின்றது. அவள் மடியில் இருந்த சீருடைத் துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். செருப்புகூடப் போடவில்லை.

"அண்ணாச்சி, நான் வந்துட்டேன். அசையாதீங்க" என்று அவள் குளியலறை வாசலில் நின்று சொன்னபோது, மணி பன்னிரண்டு பதினெட்டு. முதல் தடவை அழுத்தியதிலிருந்து இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் வந்த தூரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. தெருமுனை ஆட்டோக்காரர் இசக்கியும் அவளுமாக அவரைப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். நர்ஸ் கழற்றிக் கொடுத்த பொத்தானை ஞானசெல்வம் கட்டில் கம்பியில் மாட்டிவைத்தாள். அங்கே தொங்கிக்கொண்டு அது எல்லாவற்றையும் கேட்டது. கேட்கக் கேட்க அதன் சிவப்பு இன்னும் கறுத்தது.

முதலில் டாலஸிலிருந்து பேசினான் குமரகுருபரன். "அந்த மிஷின்ல ஏதோ கோளாறுப்பா. நான் கம்பெனிக்குக் காரசாரமா எழுதறேன்."

சின்னவன் பேசினான். "நான் கட் பண்ணினேன்தான். ஆனா மாப்பிள்ளை எடுத்துக் கேட்டுட்டு வெச்சாராம்லா. அதை யாரும் கேக்க மாட்டேங்கீங்க."

மாப்பிள்ளை பேசினார். "மாமா, எடுக்காதவங்களை விட்டுட்டு எடுத்தவனைக் குத்தம் சொல்லுதாங்க. மூணாவதாப் போட்டவனுக்கு முதல் ஆளோட பொறுப்பை எப்படிச் சுமத்த முடியும்?"

வடிவு மட்டும் பேசவில்லை. பூனாவிலிருந்து கிடைத்த வண்டியைப் பிடித்து மறுநாள் சாயந்தரம் நேரே வந்து நின்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்குப் பூராவும் போன் என் கையிலதான்ப்பா இருந்திச்சு. என் நம்பரை ஏன் போடல?"

மாப்பிள்ளை பெயர் இருந்தால் உன் பெயர் இருக்கிற மாதிரிதான் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான்காம் நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து சிவசைலம் வந்தார். ஒரு பை நிறைய ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் போன்ல எம் பேரு இருக்குன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனா கடைசியில போட்டிருக்கியாமே. பங்காளிக்குக் கடைசி இடமா?"

பிரமநாயகம் அவரையே பார்த்தார். நாற்பது பத்திரிகையில் ஒருவர் மனமும் நோகாமல் எழுதிய மனிதர். யாருக்கும் ஒரு சுடுசொல் சொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பி வந்தது. கம்பியில் தொங்கிய பொத்தானுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. தன் இனத்துக் கோபம் அதற்குத் தெரியாதா.

"சைலம், பாத்துப் பாத்துப் பேரு போட்டேன். ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். அஞ்சு பேரு. நான் தரையில கெடந்தேன். விசேஷத்துக்கு ஒருத்தனும் வரல. இப்ப வந்து வரிசையைப் பத்திப் பேசுதியா? ஆப்பிளை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போ."

சிவசைலம் ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிரமநாயகம் போட்ட வரிசையில் வந்த முதல் மனஸ்தாபம் அது. அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

மூன்று வாரம் கழித்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றைக்கே ஞானசெல்வத்தைக் கூப்பிட்டார். தொலைபேசியை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"நகல் எழுதியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அவள்.

"நகல் எல்லாம் இல்ல. இருக்கதை மொத்தமா அழி."

அவள் அழித்தாள். ஒன்று கடைசிவரை பீடத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு விரல் அழுத்தியதும் போய்விட்டது. ஐந்து அறைகளும் வெறுமையாக, எந்தக் குணமும் இல்லாமல், கேட்கத் தயாராக இருந்தன.

"ஒண்ணு யாரு?"

"நீதான்."

ஞானசெல்வத்தின் விரல் நின்றது. "எம் பேரை முதல்ல போட்டா உங்க பிள்ளைங்க வருத்தப்படுவாங்க அண்ணாச்சி."

"படட்டும்மா. இங்கன வந்து படட்டும். ரெண்டு, வடிவு. மூணு, ஆட்டோக்கார இசக்கி. மிச்சம் ரெண்டுலயும் மறுபடியும் உன் நம்பரையே போடு. உன் மிஷின் சத்தத்துல ஒரு தடவை கேக்காட்டா மறுதடவை கேக்கும்."

அடுத்தது செய்தி. இந்தத் தடவை அவர் தொண்டையைச் செருமவில்லை.

"விழுந்துட்டேன். வாங்க" என்றார்.

மூன்று வினாடிகூட ஆகவில்லை. மீதிப் பதினேழு வினாடியும் அப்படியே மிச்சம் கிடந்தது. ஞானசெல்வம் அதை முழுக்கப் போட்டுக் காட்டினாள், அவரும் முழுக்கக் கேட்டார். கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பொத்தான் அவர் நெஞ்சில் பேசாமல் கிடந்தது. கோபம் போகவில்லை, ஆனால் இனி அந்தக் கோபத்துக்குப் போகிற இடம் ஒன்று இருந்தது.

ஞானசெல்வம் எழுந்தாள். வாசல்வரை போனவளுக்கு மனசு கேட்கவில்லை, திரும்பி வந்தாள்.

"அப்ப பெரியவரு, சின்னவரு, மாப்பிள்ளை, தாய்மாமன், சிவசைலம் அண்ணாச்சி... அவுக எல்லாம்?"

பிரமநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவங்கள்லாம் சுற்றமும் நட்பும்."